எர்த் வேறு, கிரவுண்ட் வேறு: வால்வு கிட்டார் ஆம்ப் பற்றி வாசகர் கேள்விகள்

வீட்டிலேயே வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் கட்டும் வாசகர்களின் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகாரில் வந்து நிற்கின்றன: ஹம், அதாவது ஸ்பீக்கரில் ஓயாமல் கேட்கும் உறுமல். கடிதம் எழுதிய பலரும் கட்டியிருப்பது ஃபெண்டர் நிறுவனம் 1950-களின் பிற்பகுதியில் கொண்டுவந்த சேம்ப் 5எஃப்1 சர்க்யூட். முன்னால் ஒரு 12ஏஎக்ஸ்7, பவர் வால்வாக ஒரு 6வி6, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயராக ஒரு 5ஒய்3. மூன்றே வால்வு, சுமார் 5 வாட். அதனால் பதில்களையும் அந்தச் சர்க்யூட்டை வைத்தே சொல்கிறோம்.

பதில்களுக்குப் போகும் முன் ஒரு எச்சரிக்கை. இந்த உலோகப் பெட்டிக்குள் (சேஸி) 350 வோல்ட் டிசி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது, டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். உள்ளே கை வைக்கும் முன், முனையில் கிளிப் போட்ட 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை முதல் ஃபில்டர் கெப்பாசிட்டரின் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் குறுக்கே சில நொடி பிடியுங்கள். பிறகு மீட்டர் வைத்து வோல்ட்டேஜ் இறங்கிவிட்டதா என்று பாருங்கள். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். அது கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணில் பொறியும் தெறிக்கும்.

சர்க்யூட்டை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். கிட்டார் சத்தம் நன்றாக வருகிறது, ஆனால் கூடவே ‘உம்ம்’ என்று ஓர் உறுமல். வரைபடத்தில் கிரவுண்ட் குறி உள்ள இடங்களையெல்லாம் பக்கத்திலிருந்த சேஸி போல்ட்டிலேயே இணைத்திருக்கிறேன். கிரவுண்ட் எல்லாம் ஒன்றுதானே?
— மதுரை வாசகர்

வரைபடத்தில் ஒன்றுதான். ஆனால் நீங்கள் கட்டியிருப்பது தகரத்திலும் செப்புக் கம்பியிலும். அவற்றுக்கு ரெசிஸ்டன்ஸ் உண்டு.

கிரவுண்ட் குறி ஒவ்வொன்றும் ஒரு கரண்ட் திரும்பிப் போகும் வாசல். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கிளம்பியது டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்ப வேண்டும், கெப்பாசிட்டரிலிருந்து கிளம்பியது அந்தக் கெப்பாசிட்டருக்கே திரும்ப வேண்டும். எந்த வழியாகத் திரும்புகிறது, போகிற வழியில் யாருடைய பாதையை மிதித்துக்கொண்டு போகிறது என்பதில்தான் ஹம்மின் கதை இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் பயன்படுத்தும் சாதாரண ஹூக்கப் ஒயர் 0.33 சதுர மி.மீ. என்றால், 20 செ.மீ. துண்டுக்கு ரெசிஸ்டன்ஸ் சுமார் 10 மில்லி ஓம். சுரண்டாத சேஸியில் அரைகுறையாக இறுக்கிய ஒரு லக்கும் அதே அளவு வரும், துரு ஏறினால் இன்னும் கூடும். இனி கரண்டைப் பாருங்கள். ஆம்ப் சராசரியாக இழுப்பது 45 மில்லி ஆம்பியர்தான். ஆனால் 5ஒய்3 முதல் ஃபில்டர் கெப்பாசிட்டரை நிரப்புவது சீரான ஓட்டத்தில் அல்ல. ஏசி அலையின் உச்சியில் மட்டும், நொடிக்கு 100 முறை, குத்துக் குத்தாகப் பாய்ச்சுகிறது. ஒவ்வொரு குத்தின் உச்சியும் 200 மில்லி ஆம்பியர் அளவுக்குப் போகும். 200 மில்லி ஆம்பியர், 10 மில்லி ஓம்: 2 மில்லி வோல்ட். மெதுவாக வாசிக்கும்போது கிட்டார் பிக்கப் தருவதே சில பத்து மில்லி வோல்ட்தான். இன்புட் ஜாக்கின் கிரவுண்டும் முதல் வால்வின் கேத்தோடு (எலக்ட்ரான்களை வெளிவிடும் முனை) கிரவுண்டும் அந்த 20 செ.மீ. கம்பியின் இரு முனைகளில் இருந்தால், அந்த 2 மில்லி வோல்ட்டையும் வால்வு சிக்னலாகவே எடுத்துக்கொள்ளும். முதல் கட்டத்திலேயே அது சுமார் 30 மடங்கு ஆகிவிடும். நீங்கள் கேட்கும் உறுமல் அதுதான்.

ஆம்பை அணைத்து, கெப்பாசிட்டரை இறக்கிவிட்டு, சேஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் எச்.டி. (ஹை டென்ஷன், உயர் வோல்ட்டேஜ்) வைண்டிங்கின் நடு ஒயர் (அமெரிக்க வழக்கப்படி சிவப்பில் மஞ்சள் கோடு போட்டது) எங்கே போகிறது? டிரான்ஸ்ஃபார்மரைப் பிடித்திருக்கும் போல்ட்டில் ஒரு லக்கில் முடிகிறதா? முதல் ஃபில்டர் கெப்பாசிட்டரின் நெகட்டிவ், சேஸியின் மறுகோடியில் வேறு லக்கிலா? அப்படியானால் அந்த 100 ஹெர்ட்ஸ் குத்து முழுவதும் சேஸித் தகரத்தின் வழியாகத்தான் பாய்கிறது. வழியில் உள்ள லக் எல்லாமே அந்த வெள்ளத்தில் நிற்கின்றன. முதலில் மாற்ற வேண்டியது இந்த ஒயரைத்தான். நடு ஒயரை நேரே முதல் ஃபில்டர் கெப்பாசிட்டரின் நெகட்டிவ் முனையில் பற்றவையுங்கள். இந்த ஒரு ஒயரை மாற்றினாலே பல ஆம்ப்களில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

சேஸியில் அங்கங்கே கிரவுண்ட் செய்யக் கூடாது என்று புரிகிறது. அப்படியானால் எது எதை எங்கே சேர்ப்பது? எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவரும் ஸ்டார் முறைதான் சிறந்ததா?
— தஞ்சாவூர் வாசகர்

ஸ்டார் முறையில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு இடத்திலிருந்தும் நீள நீளமாக ஒயர் இழுத்து ஒரே லக்கில் பத்துப் பன்னிரண்டு முனைகளைத் திணிக்க வேண்டியிருக்கும், பற்றவைப்பும் உருப்படியாக அமையாது. எங்கள் தேர்வு, குடும்பம் குடும்பமாகப் பிரிப்பது. ஒவ்வொரு கட்டத்துக்கும் எச்.டி. கொடுக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் எதுவோ, அந்தக் கட்டத்தின் கிரவுண்டுகள் எல்லாம் அதே கெப்பாசிட்டரின் நெகட்டிவில் சேர வேண்டும். விதி அவ்வளவுதான்.

5எஃப்1-இல் மூன்று ஃபில்டர் கெப்பாசிட்டர்கள்: 16, 8, 8 மைக்ரோஃபாரட். முதலாவதிலிருந்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 6வி6-இன் பிளேட்டுக்கு (சிக்னல் வெளிவரும் முனை) எச்.டி. போகிறது. 10 கிலோ ஓம் தாண்டியதும் இரண்டாவது, அது 6வி6-இன் ஸ்கிரீன் கிரிட்டுக்கு. 22 கிலோ ஓம் தாண்டியதும் மூன்றாவது, அது 12ஏஎக்ஸ்7-க்கு.

முதல் கெப்பாசிட்டரின் நெகட்டிவில் எச்.டி. நடு ஒயர் முதலில் வந்து சேரட்டும். அதே முனையிலிருந்து ஒரு கனமான கம்பி புறப்பட்டு அடுத்த இடத்துக்குப் போகட்டும். அந்த அடுத்த இடத்தில் 6வி6-இன் கேத்தோடு ரெசிஸ்டர் 470 ஓம், அதன் மேலுள்ள 25 மைக்ரோஃபாரட், கிரிட்டின் (சிக்னல் நுழையும் முனை) 220 கிலோ ஓம், ஸ்பீக்கர் ஜாக்கின் கிரவுண்ட், இரண்டாவது ஃபில்டரின் நெகட்டிவ் எல்லாம் சேரும். நடு ஒயருக்கும் முதல் கெப்பாசிட்டருக்கும் இடையே மட்டும் யாரும் நுழையக் கூடாது. பிறகு கம்பி மூன்றாவது ஃபில்டரின் நெகட்டிவுக்குப் போகும். அங்கே 12ஏஎக்ஸ்7-இன் இரண்டு 1.5 கிலோ ஓம் கேத்தோடு ரெசிஸ்டர்கள், வால்யூம் கன்ட்ரோலின் கீழ் முனை, இன்புட்டின் 1 மெக் ஓம், கடைசியாக இன்புட் ஜாக். இந்தக் கம்பிக்கு 1.5 சதுர மி.மீ. ஒற்றை இழைச் செப்புக் கம்பியை உறை உரித்துப் பயன்படுத்தலாம்.

இந்தக் கம்பி சேஸியைத் தொடும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். அது இன்புட் ஜாக் பக்கம் இருக்கட்டும். உலோகக் கழுத்துள்ள ஜாக் எப்படியும் சேஸியைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும், அதையே அந்த இடமாக வைத்துக்கொள்ளலாம். கிட்டார் ஒயரின் ஷீல்டில் ஏறிவரும் ரேடியோ அலையும் உள்ளே நுழையாமல் அங்கேயே சேஸிக்குப் போய்விடும்.

இங்கே பலர் சறுக்குவது ஸ்பீக்கர் ஜாக்கில். அதுவும் உலோகமாக இருந்தால் இரண்டாவது இடத்தில் சேஸியைத் தொட்டுவிடும். நீங்கள் கவனமாகப் போட்ட கம்பிக்கு இணையாகச் சேஸி ஒரு குறுக்குப் பாதை போட்டுவிடும். ஃபைபர் வாஷர் இரண்டு போட்டு அதைத் தனிமைப்படுத்துங்கள், அல்லது பிளாஸ்டிக் ஜாக் வாங்குங்கள். வால்யூம் கன்ட்ரோலின் உடம்பு சேஸியைத் தொடுவதில் பாதகமில்லை, அது ஷீல்டாக இருக்கட்டும். அதன் கீழ் முனையை வளைத்து உடம்போடு பற்றவைக்க மட்டும் கூடாது. சரியாக அமைந்ததா என்று பார்க்க, இன்புட் ஜாக்கைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டு, கம்பிக்கும் சேஸிக்கும் இடையே மீட்டரை ஓம் அளவில் வையுங்கள். தொடர்பே இருக்கக் கூடாது. ‘பீப்’ வந்தால் எங்கோ இரண்டாவது இடத்தில் தொடுகிறது.

“பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிடு, ஹம் நின்றுவிடும்” என்றார் நண்பர். கழற்றினேன், உண்மையிலேயே குறைந்தது. அப்படியே விடலாமா? லேப்டாப்பிலிருந்தும் ஆம்புக்கு ஒரு ஒயர் கொடுத்திருக்கிறேன்.
— திருப்பூர் வாசகர்

விடக் கூடாது. எர்த்தைத் திரும்ப மாட்டும் வரை ஆம்பை ஆன் செய்யாதீர்கள்.

கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஜாக்கின் கிரவுண்டோடும், அதன் வழியே ஆம்பின் சேஸியோடும் இணைந்திருக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி இன்சுலேஷன் ஒரு நாள் விட்டுப்போனால், அல்லது பேஸ் ஒயர் கழன்று சேஸியில் விழுந்தால், எர்த் இல்லாத ஆம்பில் ஃபியூஸ் போகாது. சேஸியும் கிட்டார் கம்பியும் 230 வோல்ட்டில் அமைதியாகக் காத்துக்கொண்டிருக்கும். ஒரு கை கம்பியில் இருக்க உதடு மைக்கைத் தொட்டால், கரண்ட் உடம்பின் குறுக்கே பாயும். 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகர மேடையில் ஸ்டோன் த குரோஸ் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி இறந்தது, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டதால்தான்.

எர்த் என்பது உயிரைக் காக்கும் ஒயர். கிரவுண்ட் என்பது சிக்னல் திரும்பும் ஒயர். இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன என்பதற்காக ஒன்றைச் சரிசெய்ய மற்றதை அறுக்க முடியாது.

உங்கள் ஹம்முக்குக் காரணம் லேப்டாப் ஒயர். லேப்டாப் சார்ஜரின் எர்த் ஒரு பக்கம், ஆம்பின் எர்த் மறுபக்கம், நடுவே ஆடியோ ஒயரின் ஷீல்ட்: வட்டம் பூர்த்தியாகி அதில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் சுற்றுகிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஹம் நின்றால் நோய் இதுதான் என்று உறுதி. மருந்து, ஆடியோ ஒயருக்கு நடுவே 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. வட்டத்தை அறுக்க வேண்டிய இடம் அந்தச் சிக்னல் ஒயர்.

எர்த்தை மாட்டும் முறையையும் சொல்லிவிடுகிறோம். பவர் ஒயர் உள்ளே நுழையும் இடத்துக்கு அருகில் எர்த்துக்கென்றே ஒரு தனி போல்ட், 4 அல்லது 5 மி.மீ. அதைச் சுற்றிப் பெயிண்டைச் சுரண்டி உலோகம் பளபளக்க வேண்டும். ஒயர் முனையில் ரிங் லக் வைத்து நன்றாக நசுக்கி, பல் உள்ள ஸ்டார் வாஷர், நட், அதன் மேல் இன்னொரு நட். டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அது சூட்டிலும் அதிர்விலும் தளரும். பச்சை ஒயரை மற்ற இரண்டையும்விட 5 செ.மீ. நீளமாக விடுங்கள். யாராவது ஒயரை இழுத்துப் பிய்த்தாலும் கடைசியாகப் பிய்வது எர்த்தாக இருக்க வேண்டும். முடித்ததும் பிளக்கின் எர்த் பின்னிலிருந்து சேஸி மூலைக்கு மீட்டர் வைத்தால் அரை ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் வரும் அளவை அதில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸ் பேஸ் ஒயரில்தான் இருக்க வேண்டும். சேம்ப் 230 வோல்ட்டில் இழுப்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவு, அதனால் 500 மில்லி ஆம்பியர் ஸ்லோ ப்ளோ போதும். 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர்தான் ஃபியூஸாகிவிடும்.

இத்தனை செய்தும் சுவரிலுள்ள சாக்கெட்டில் எர்த் இல்லாவிட்டால் பலனில்லை. பழைய வீடுகளில் மூன்று துளை இருக்கும், மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்ளும் காட்டினால் எர்த் ஒயர் இருக்கிறது என்று கொள்ளலாம். அது சுமை தாங்குமா என்பதை எலக்ட்ரீஷியனிடம் டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லையென்று நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டில் ஒன்றாக முறுக்கிவிடும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஆம்பின் உடம்பு முழுக்க பேஸ் ஏறிவிடும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் நல்லது.

ஹீட்டர் ஒயரை எப்படிப் போடுவது? என் டிரான்ஸ்ஃபார்மரின் 6.3 வோல்ட் வைண்டிங்கில் நடு ஒயர் இல்லை. பழைய வரைபடத்தில் ஹீட்டரின் ஒரு பக்கத்தைக் கிரவுண்ட் செய்திருக்கிறார்கள்.
— நாகர்கோவில் வாசகர்

பழைய முறையைப் பின்பற்ற வேண்டாம். ஒரு பக்கம் கிரவுண்டில் இருந்தால் மறுபக்கம் முழு 6.3 வோல்ட்டில் ஆடும், பக்கத்திலுள்ள கிரிட்டில் அது ஏறும். இரண்டு பக்கமும் கிரவுண்டுக்குச் சமமாக எதிரெதிரே ஆடினால், முறுக்கிய ஒயரில் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். நடு ஒயர் இல்லாததற்கு 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் இரண்டு எடுத்து, ஹீட்டரின் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒன்றாக இழுத்து நடுவில் சேருங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்க மீட்டரில் அளந்து ஜோடி சேர்ப்பது நல்லது. வைண்டிங்கில் நடு ஒயர் உள்ளவர்கள் இந்த ரெசிஸ்டர்களைப் போடத் தேவையில்லை.

அந்த நடுப் புள்ளியைக் கிரவுண்டில் சேர்ப்பதைவிட 6வி6-இன் கேத்தோடில், அதாவது 8-ஆம் பின்னில் சேருங்கள். அங்கே 20 வோல்ட் அளவுக்கு டிசி ஏற்கெனவே இருக்கிறது, 25 மைக்ரோஃபாரட் அதைச் சீராக வைத்திருக்கிறது. ஹீட்டர் முழுவதும் 12ஏஎக்ஸ்7-இன் கேத்தோடைவிடப் பாசிட்டிவாக உயர்ந்துவிடும். அப்போது ஹீட்டரிலிருந்து 12ஏஎக்ஸ்7-இன் கேத்தோடுக்குக் கசியும் எலக்ட்ரான்கள் நின்றுவிடும். செலவில்லாத வேலை, காதுக்குத் தெரியும் பலன்.

ஒயர் போடும் விதம் இதற்குச் சமமாக முக்கியம். 0.5 சதுர மி.மீ. ஒற்றை இழை ஒயர் இரண்டை இறுக்கி முறுக்குங்கள், ஒரு செ.மீ.-க்கு ஒரு முறுக்காவது வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து முதலில் 6வி6-க்கு (2, 7 பின்கள்), அங்கிருந்து 12ஏஎக்ஸ்7-க்கு (4-ஐயும் 5-ஐயும் சேர்த்து ஒரு பக்கம், 9 மறுபக்கம்). சேஸியின் மூலையை ஒட்டியே கொண்டுபோங்கள். சாக்கெட்டுக்கு வரும்போது மேலிருந்து செங்குத்தாக இறக்குங்கள், பின்னைத் தொடும் வரை முறுக்கு பிரியக் கூடாது. கிரிட் ஒயர் குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் 90 டிகிரியில் வெட்டிப் போகட்டும், பக்கத்தில் படுத்து ஓடக் கூடாது.

5ஒய்3-இன் 5 வோல்ட் ஹீட்டர் வைண்டிங்கை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த வால்வில் ஹீட்டரே கேத்தோடு. 2, 8 பின்களில் எச்.டி. முழுவதும் நிற்கிறது. ‘5 வோல்ட்தானே’ என்று தொட்டால் 350 வோல்ட்.

அமெரிக்கக் கிட் ஒன்று கிடைத்தது. டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஸ்டெப் டவுன் வைத்து ஓட்டலாமா?
— கோயம்புத்தூர் வாசகர்

வோல்ட்டேஜை இறக்கிவிடலாம், ஹெர்ட்ஸை மாற்ற முடியாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் அளவாகச் சுற்றிய கோர், 50 ஹெர்ட்ஸில் 20 சதவீதம் கூடுதல் காந்தப் பாய்வைச் சுமக்க வேண்டும். கோர் திணறும், கையால் தொட முடியாதபடி சுடும், தகடு அதிரும் சத்தம் ஸ்பீக்கரைக் கழற்றினாலும் கேட்கும். உடம்பில் 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் ஓட்டுங்கள். இல்லையென்றால் 230 வோல்ட் பிரைமரியுள்ள டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி வாங்குவதே நல்லது.

ஸ்டெப் டவுனில் இன்னொரு ஆபத்து உண்டு. பல பெட்டிகளின் வெளிச் சாக்கெட்டில் இரண்டே துளை. உங்கள் ஆம்பின் எர்த் அங்கேயே அறுந்துவிடும். எர்த் உள்ளிருந்து வெளி வரை தொடர்கிறதா என்று மீட்டரில் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

முதல் தடவை ஆன் செய்ததும் வால்வு சூடேறிய நொடியில் ‘கீஈ’ என்று ஓயாத அலறல். வால்யூமைக் குறைத்தும் நிற்கவில்லை.
— சேலம் வாசகர்

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முனை மாறியிருக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து 22 கிலோ ஓம் வழியாக இரண்டாம் கட்டத்தின் கேத்தோடுக்கு வரும் ஃபீட்பேக், குறைப்பதற்குப் பதில் கூட்டுகிறது. அணைத்து, கெப்பாசிட்டரை இறக்கிவிட்டு, பிரைமரியின் நீல ஒயரையும் சிவப்பு ஒயரையும் இடம் மாற்றுங்கள். அதற்கு முன் 22 கிலோ ஓமின் ஒரு முனையை எடுத்துவிட்டு ஒருமுறை ஆன் செய்து பார்த்தால் சந்தேகம் தீரும். அப்போதும் அலறினால், 6வி6-இன் 3-ஆம் பின்னுக்குப் போகும் பிளேட் ஒயர் 12ஏஎக்ஸ்7-இன் கிரிட் ஒயருக்கு அருகே ஓடுகிறது என்று அர்த்தம். இரண்டையும் விலக்குங்கள்.

ஆம்பில் லேசாக வானொலி கேட்கிறது!
— திருச்சி வாசகர்

936 கிலோஹெர்ட்ஸில் உங்கள் ஊர் வானொலி பலமாக இருக்கும் இடத்தில் இது நடக்கக்கூடியதே. இன்புட்டின் 68 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை ஜாக்கில் பற்றவைத்துவிட்டு, அங்கிருந்து நீள ஒயர் இழுத்திருப்பீர்கள். அந்த ஒயர்தான் ஏரியல். ரெசிஸ்டரை 12ஏஎக்ஸ்7-இன் 2-ஆம் பின்னிலேயே, கால் ஒரு செ.மீ.-க்கு மிகாமல் பற்றவையுங்கள். வால்வின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸோடு சேர்ந்து அது ரேடியோ அலையை வடிகட்டிவிடும். ஜாக்கிலிருந்து வருவது ஷீல்ட் ஒயராக இருக்கட்டும், ஷீல்டை ஜாக் முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள்.

ஹம் எந்தக் கட்டத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? ஆசிலோஸ்கோப் இல்லை.
— வேலூர் வாசகர்

கிட்டார் வைத்திருக்கிறீர்களே, அது போதும். ஆறாவது கம்பியில் மூன்றாம் ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள். அந்த ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். உறுமல் அதே சுருதியில் இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ், அதாவது ரெக்டிஃபயர், ஃபில்டர், எச்.டி. கிரவுண்ட் பக்கத்துச் சிக்கல். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே அடிவயிற்றில் அதிர்வதுபோல் இருந்தால் 50 ஹெர்ட்ஸ். அது ஹீட்டர், எர்த் வட்டம், அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம்.

பிறகு வால்யூமைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹம் மறைந்தால் முதல் டிரையோடும் (12ஏஎக்ஸ்7-இன் முதல் பாதி) இன்புட்டும்தான் காரணம். மாறாமல் அப்படியே இருந்தால் வால்யூம் கன்ட்ரோலுக்குப் பிந்தைய கட்டம். அணைத்து 12ஏஎக்ஸ்7-ஐயே உருவிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். அப்போதும் ஹம் இருந்தால் 6வி6-உம் பவர் சப்ளையும் மிச்சம்.

பவர் சப்ளைதான் என்று தெரிந்தால், ஒரு விஷயம் நம் நாட்டுக்கே உரியது. 16 மைக்ரோஃபாரட் என்பது 60 ஹெர்ட்ஸ் நாட்டில் போட்ட கணக்கு. 50 ஹெர்ட்ஸில் அதே கெப்பாசிட்டரில் ரிப்பிள் (டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம்) ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும், 45 மில்லி ஆம்பியரில் 20 வோல்ட்டையும் தாண்டும். ஒற்றை 6வி6 ஆம்பில் அதை எதிர்த்து அழிக்க இன்னொரு வால்வும் இல்லை. முதல் கெப்பாசிட்டரை 47, 100 என்று ஏற்றிவிடத் தோன்றும், வேண்டாம். ஆன் செய்யும் நொடியில் 5ஒய்3 தாங்க முடியாத கரண்ட் பாயும். 22 மைக்ரோஃபாரடோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டர், இன்னொரு 22 மைக்ரோஃபாரட் சேர்த்து, 6வி6-இன் பிளேட் சப்ளையை அங்கிருந்து எடுங்கள். ரிப்பிள் மூன்றில் ஒரு பங்காகிவிடும், இழப்பு 10 வோல்ட்தான். புதிய கெப்பாசிட்டரின் நெகட்டிவ்தான் இனி 6வி6 குடும்பத்தின் வீடு. முதல் கெப்பாசிட்டரும் நடு ஒயரும் தனியே இருக்கட்டும்.

இன்னும் டிரில் போடாதவர்களுக்கு: பவர் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, மற்ற முனைகளைத் தனித்தனியே இன்சுலேஷன் டேப்பால் மூடுங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் ஹெட்ஃபோனை மாட்டி, அதை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஹம் மங்கிப்போகும் ஒரு கோணம் வரும், பெரும்பாலும் இரண்டு கோரும் 90 டிகிரியில் இருக்கும்போது. அந்த இடத்தில் பென்சிலால் குறித்துத் துளை போடுங்கள்.

ஃபில்டர் கெப்பாசிட்டர் 450 வோல்ட் போதுமா? முதலில் எப்படி ஆன் செய்வது?
— கடலூர் வாசகர்

எச்.டி. வைண்டிங் 325-0-325 என்றால் போதாது. ஆன் செய்ததும் 5ஒய்3 உடனே சூடேறிவிடும், 6வி6 சூடேற இன்னும் சில நொடி ஆகும். அந்த இடைவெளியில் இழுக்க ஆளில்லாமல் வோல்ட்டேஜ் உச்சத்துக்குப் போகும்: 325-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 460. இரவில் லைன் 250 வோல்ட் ஏறும் தெருவில் அது 500. ஆகவே 500 வோல்ட் கெப்பாசிட்டர் வாங்குங்கள், அல்லது டிரான்ஸ்ஃபார்மரை 275-0-275-ஆகச் சுற்றச் சொல்லுங்கள். முதல் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போடுங்கள். அணைத்த அரை நிமிடத்தில் வோல்ட்டேஜ் 50-க்குக் கீழே வந்துவிடும்.

முதல் முறை ஆன் செய்ய, 60 வாட் குண்டு பல்பை பேஸில் சீரியஸாகப் போடுங்கள். எல்.ஈ.டி. பல்ப் உதவாது. வால்வு எதுவும் இல்லாமல் ஆன் செய்தால் பல்ப் ஒருமுறை மினுங்கி மங்க வேண்டும். 6.3 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் அளந்துவிட்டு 12ஏஎக்ஸ்7, 6வி6 போட்டு ஹீட்டர் சிவப்பதைப் பாருங்கள். கடைசியாகத்தான் 5ஒய்3. ஸ்பீக்கர் மாட்டியே இருக்கட்டும். பல்ப் முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். உள்ளே அளக்கும்போது மீட்டரின் கறுப்பு முனையைக் கிளிப்பால் சேஸியில் மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் சிவப்பு முனையைப் பிடியுங்கள். மற்றொரு கை ஆம்புக்கு அருகே போகவே வேண்டாம்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் ‘ஜ்ர்ர்’ என்று இரைகிறது, சத்தமும் குறைகிறது.
— விருதுநகர் வாசகர்

சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும். அதன் உச்சி 230 வோல்ட்தான், சைன் அலைக்கு 325. எச்.டி. கிட்டத்தட்ட 30 சதவீதம் இறங்கிவிடும். சதுர அலையின் கூர்முனைகள் ஒயருக்கு ஒயர் தாவுவதால் இரைச்சல். ஆம்பில் குற்றமில்லை. சைன் அலை இன்வெர்ட்டர் வாங்கும் வரை அந்நேரம் அணைத்துவையுங்கள்.

கிட்டார் கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, கையை எடுத்தால் கூடுகிறது. எர்த் சரியில்லையா?
— புதுச்சேரி வாசகர்

தொட்டால் குறைவது இயல்பு. அறையிலுள்ள மின் இரைச்சலை உங்கள் உடம்பு வாங்கி பிக்கப்புக்குக் கடத்துகிறது. கம்பியைத் தொட்டதும் உடம்பே கிரவுண்டாகிவிடுகிறது. கிட்டாரின் உட்குழியில் செப்புத் தகடு ஒட்டி அதைக் கிரவுண்ட் செய்தால் நன்றாகக் குறையும். சிங்கிள் காயில் பிக்கப் என்றால் ஆம்பை விட்டு ஒரு மீட்டர் தள்ளி நின்று கிட்டாரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் ஹம் கூடி இன்னொரு திசையில் குறைந்தால் அது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம், ஆம்பைப் பிரித்துப் பயனில்லை.

தொட்டால் கூடினாலோ விரல் நுனியில் லேசாக ‘சுருக்’ என்றாலோ விஷயம் வேறு. அப்போது கிட்டாரைக் கீழே வைத்து, ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எர்த் பின்னிலிருந்து சேஸி வரை மீட்டர் வைத்துப் பாருங்கள். அங்கே சரியென்றால் அடுத்தது சுவர்ச் சாக்கெட்.